நெப்டியூனைக் கண்டுபிடித்தது யார்? ஏய்ரியின் கடிதக்கட்டு சொல்லும் பதில்

நெப்டியூனைக் கண்டுபிடித்தவர் கால்லே என்று ஒரு பாடநூல் சொல்லும். இன்னொரு நூல் லெவெரியே என்று சொல்லும். ஆங்கில நூல்களைப் பின்பற்றி எழுதப்பட்டவற்றில் ஆடம்ஸ், லெவெரியே என்று இரண்டு பெயர்கள் சேர்ந்தே வரும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதில் குழம்பிப்போவது இயல்புதான். இத்தனைக்கும் அந்தக் கோள் தொலைநோக்கியில் அடையாளம் காணப்பட்ட இரவு எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை: 1846 செப்டம்பர் 23, பெர்லின். சண்டையெல்லாம் அந்த இரவுக்கு முன்னால் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்பதில்தான்.

அந்தக் கடிதங்களில் பெரும்பகுதி ஒரே மனிதரின் மேசையைக் கடந்து சென்றவை. அவர் ஜார்ஜ் பிடெல் ஏய்ரி, இங்கிலாந்தின் அரச வானியலாளர். வந்த கடிதத்தையும் போன கடிதத்தின் நகலையும் அவர் கட்டி வைத்திருந்தார். அந்தக் கட்டை வரிசையாகப் படித்தால் மூன்று பெயர்களில் எது எதற்கு உரியது என்பது பெருமளவு தெளிவாகிவிடும்.

முதலில் சிக்கல் என்ன?

1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். அதற்கு முன்பும் பலர் அதைப் பார்த்திருந்தார்கள், கோள் என்று தெரியாமல் விண்மீன் என்று குறித்து வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட குறிப்புகளில் பழையது 1690-இல் ஆங்கில வானியலாளர் பிளாம்ஸ்டீட் எழுதியது. ஆக, யுரேனஸின் பாதையைக் கணக்கிட நூறு ஆண்டுகளுக்கும் மேலான தகவல் கைவசம் இருந்தது.

1821-இல் பாரிஸின் அலெக்சிஸ் பூவார் அந்தத் தகவல்களை வைத்து, யுரேனஸ் எப்போது எங்கே இருக்கும் என்று சொல்லும் அட்டவணை போட்டார். பழைய குறிப்புகளும் புதிய அளவீடுகளும் ஒரே பாதையில் உட்காரவில்லை. வியாழன், சனி இரண்டின் ஈர்ப்பையும் கணக்கில் சேர்த்த பிறகும் இதே கதைதான். பூவார் பழையவற்றை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை மட்டும் வைத்து அட்டவணையை முடித்தார். சில ஆண்டுகளில் யுரேனஸ் அந்த அட்டவணையை விட்டும் விலகத் தொடங்கியது. 1845 வாக்கில் விலகல் ஏறத்தாழ 2 கோண நிமிடம், அதாவது முழுநிலவின் விட்டத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. துல்லியமாக அளக்கும் வானாய்வகத்துக்கோ இது ஒப்புக்கொள்ளவே முடியாத பிழை.

காரணமாக இருக்கக்கூடியவை என்று அன்று பேசப்பட்டவற்றில் இரண்டு முக்கியமானவை.

1. யுரேனஸுக்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து அதை இழுக்கிறது.
2. அவ்வளவு தொலைவில் நியூட்டனின் ஈர்ப்பு விதியே சற்று மாறுகிறது.

இரண்டாவதை இன்று படிக்கும்போது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அவ்வளவு தொலைவில் அந்த விதியைச் சோதித்துப் பார்க்க அன்று யுரேனஸைத் தவிர வேறு கோள் எதுவும் இருக்கவில்லை. அதைச் சாத்தியம் என்று எடுத்துக்கொண்டவர்களில் ஏய்ரியும் ஒருவர். பின்னால் வரும் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதையும் தூக்கிப்போடாத மனிதர்

ஏய்ரி 1801-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்து, 1835-இல் கிரீன்விச் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1881 வரை 46 ஆண்டுகள் அரச வானியலாளராக இருந்தார். அரசுக்கு அறிவியல் ஆலோசனை தேவைப்பட்டால் பெரும்பாலும் இவரிடம்தான் வருவார்கள். இரும்புக் கப்பலில் காந்த ஊசி தவறாகக் காட்டுவதைச் சரிசெய்வது, ரயில் தண்டவாளத்தின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது, எல்லாம் அவர் வேலை.

அவருடைய மகன் வில்பிரட் பதிப்பித்து 1896-இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஒரு விவரம் இருக்கிறது: கேம்பிரிட்ஜுக்குப் போன நாள் முதல் அவர் எந்தக் காகிதத்தையும் அழித்ததில்லை. பழைய காசோலைப் புத்தகங்களின் அடிக்கட்டை, கடைக்காரர்களுக்கு எழுதிய துண்டுச்சீட்டு, சுற்றறிக்கை, ரசீது, கடிதம், எல்லாம் துளையிட்டுக் கட்டி, வகைப்படுத்தி வைக்கப்பட்டன. இது வெறும் சுபாவம் அல்ல. அன்றைய அறிவியலில் கடிதத்துக்கு இருந்த இடம் அப்படி. இதழில் கட்டுரை அச்சாக மாதங்கள் ஆகும். அதற்குள் ஒருவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்பதற்குச் சான்று, தேதியிட்ட கடிதம்தான்.

கடிதம் போய்ச்சேரும் வேகத்தையும் கவனிக்க வேண்டும். கேம்பிரிட்ஜிலிருந்து கிரீன்விச்சுக்கு மறுநாள் தபால் வந்துவிடும். பாரிஸிலிருந்து பெர்லினுக்கு ஐந்து நாள். தந்தி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதற்கு நம் ஊர்ச் சான்றே உண்டு: 1872 நவம்பர் 30 அன்று ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து கிளிங்கர்பூஸ், பியெலா வால்நட்சத்திரத்தைத் தேடச் சொல்லிச் சென்னை வானாய்வகத்தின் போக்சனுக்குத் தந்தி அடித்தார். டிசம்பர் 2, 3 தேதிகளில் போக்சன் சென்னையிலிருந்து ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்தும்விட்டார். அது பியெலாதானா என்பது வேறு விவகாரம். 1846-இல் இந்த வசதி வானியலாளர்கள் யாருக்கும் இல்லை.

1834 முதல் 1838 வரை: கதவைத் தட்டிய முதல் கடிதங்கள்

ஏய்ரியின் கட்டில் முதலில் வருவது 1834 நவம்பர் 17 தேதியிட்ட கடிதம். எழுதியவர் ஹஸி என்ற பாதிரியார், தொழில்முறை வானியலாளர் அல்லர். யுரேனஸைத் தொந்தரவு செய்வது அப்பால் இருக்கும் இன்னொரு பொருளாக இருக்கலாம், தோராயமான இடம் தெரிந்தால் நானே தேடிப் பார்க்கிறேன் என்று அவர் கேட்டிருந்தார். ஆறு நாள் கழித்து ஏய்ரி பதில் எழுதினார். விலகலின் தன்மையே இன்னும் சரியாகத் தெரியவில்லை, யுரேனஸ் பலமுறை சுற்றி முடித்த பிறகுதான் அப்படி ஒரு கணக்கில் இறங்க முடியும் என்பது அதன் சாரம்.

யுரேனஸ் ஒருமுறை சுற்ற 84 ஆண்டு. அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டால் வேலையைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

1837-இல் பூவாரின் உறவினர் யூஜின் பூவார் இதே ஐயத்தோடு எழுதினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள்தான் காரணம் என்றால் அதன் இடத்தைக் கண்டுபிடிப்பது அநேகமாக முடியாத காரியம் என்று ஏய்ரி பதில் சொன்னார். ஆனால் அவர் சும்மா இருந்துவிடவில்லை. தன் அளவீடுகளை வைத்து யுரேனஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்பதோடு, சூரியனிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சோதித்தார். அட்டவணை சொல்லும் தூரமும் தவறு, பிழை பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது என்று கண்டார். 1838-இல் ஜெர்மன் வானியல் இதழின் ஆசிரியர் ஷூமாகருக்கு இதை எழுதினார்.

சூரியனிலிருந்து கோளுக்கு உள்ள இந்தத் தூரத்தைத்தான் ஆர வெக்டர் என்கிறோம். சூரியனிலிருந்து பார்த்தால் கோள் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லும் கோணம் தீர்க்காம்சம். தீர்க்காம்சப் பிழையைப் பற்றித்தான் மற்றவர்கள் கவலைப்பட்டார்கள். ஆர வெக்டர் பிழையைத் தூக்கிப் பிடித்தவர் ஏய்ரி.

1845 அக்டோபர்: கிரீன்விச்சில் விட்டுச்சென்ற தாள்

ஜான் கௌச் ஆடம்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர், கார்ன்வால் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1841 ஜூலை 3 அன்று, மாணவராக இருந்தபோதே, பட்டம் பெற்றதும் யுரேனஸ் சிக்கலை எடுக்கப்போவதாகத் தன் குறிப்பில் எழுதிவைத்தார். 1844 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் வானாய்வகத்தின் சாலிஸ், இவருக்காக ஏய்ரியிடம் யுரேனஸ் அளவீடுகளைக் கேட்டார். இரண்டே நாளில் ஏய்ரி அனுப்பிவைத்தார். ஆடம்ஸை ஏய்ரி உதாசீனம் செய்தார் என்று பிற்பாடு குற்றம்சாட்டினார்கள். அதை எடைபோடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும்.

1845 செப்டம்பர் கடைசியில் சாலிஸின் அறிமுகக் கடிதத்தோடு ஆடம்ஸ் கிரீன்விச் போனார். ஏய்ரி பிரான்சில் இருந்தார். ஊர் திரும்பியதும், கடிதம் எழுதினால் மகிழ்வேன் என்று சாலிஸுக்குத் தகவல் அனுப்பினார். அக்டோபரில் ஆடம்ஸ் மறுபடி போனார், முன்கூட்டிச் சொல்லாமல். முதலில் போனபோது ஏய்ரி வெளியே. அப்புறம் திரும்பிப் போனபோது வீட்டில் சாப்பாட்டு நேரம், பார்க்க முடியவில்லை. ரயில் தண்டவாள ஆணைய வேலையில் ஏய்ரி மூழ்கியிருந்த சமயம் அது, மனைவியோ நிறைமாத கர்ப்பிணி. ஆடம்ஸ் ஒரு தாளை விட்டுவிட்டுப் போனார்.

பொதுவாகச் சொல்லப்படும் தேதி அக்டோபர் 21. ஆனால் பிற்பாடு ஏய்ரி வெளியிட்ட அறிக்கையில் அக்டோபரின் கடைசி நாட்களில் ஒன்று என்று மட்டுமே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தேதி போட்டு வைக்கிற மனிதர், மிக முக்கியமான இந்தத் தாளுக்கு உறுதியான தேதி தர முடியாமல் போனார்.

தாளில் இருந்தது இவ்வளவுதான். புதுக்கோளின் சராசரித் தூரம் 38.4, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் 1 என்று வைத்தால். ஓர் ஆண்டில் நகரும் கோணம் 1 டிகிரி 30.9 நிமிடம். 1845 அக்டோபர் 1 அன்று சராசரி தீர்க்காம்சம் 323 டிகிரி 34 நிமிடம். சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளி 315 டிகிரி 55 நிமிடம். பாதையின் நீள்மை 0.1610. நிறை, சூரியனை 1 என்று கொண்டால், 0.0001656. அதன் கீழே இந்தக் கோளைச் சேர்த்த பிறகு யுரேனஸில் மிஞ்சும் பிழைகள் ஆண்டுவாரியாக. மிஞ்சியவை சின்ன எண்கள், பார்க்கவே நம்பிக்கை தருபவை.

தாளில் இல்லாதவையும் முக்கியம். எந்த வழியில் கணக்கிட்டார் என்று ஒரு வரிகூட இல்லை. 38.4 என்ற தூரம் கணக்கிட்டு வந்ததல்ல, கோள்களின் தூரத்தைத் தோராயமாகச் சொல்லும் போடே விதி என்ற பழைய வாய்ப்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. உண்மையான தூரம் 30 சொச்சம்தான். தொலைநோக்கியை இன்ன இடத்தில் திருப்புங்கள் என்ற கோரிக்கையும் அதில் இல்லை.

ஆர வெக்டர் கேள்வி: வறட்டுப் பிடிவாதமா, சரியான சோதனையா?

நவம்பர் 5 அன்று ஏய்ரி ஆடம்ஸுக்கு எழுதினார். உங்கள் கோள் தீர்க்காம்சப் பிழையை விளக்குகிறது, மகிழ்ச்சி, அதே கோள் ஆர வெக்டர் பிழையையும் விளக்குமா என்று கேட்டார். ஆடம்ஸிடமிருந்து பதில் வரவில்லை. கடிதப் போக்குவரத்து அங்கேயே நின்றுபோனது.

நூறு ஆண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஏய்ரியைத் திட்டினார்கள். கோளையே கையில் கொண்டுவந்து கொடுத்தவனிடம் அற்பக் கேள்வி கேட்டு விரட்டிவிட்டார் என்று. என் பார்வையில் இது நியாயமில்லை. ஏய்ரியின் முன்னால் இருந்தவை இரண்டு விளக்கங்கள்: புதுக்கோள், அல்லது ஈர்ப்பு விதியின் மாற்றம். ஆடம்ஸ் தீர்க்காம்சங்களை மட்டும் வைத்துக் கணக்கைப் பொருத்தியிருந்தார். பொருத்தப் பயன்படுத்திய அளவீடுகளே பொருந்துகின்றன என்பது பெரிய சான்று ஆகாது. கணக்கில் சேர்க்காத ஓர் அளவும் பொருந்தினால்தான் நம்பிக்கை பிறக்கும். ஆர வெக்டர் அப்படிப்பட்ட அளவு. ஏய்ரி கேட்டது, நல்ல தேர்வாளர் கேட்க வேண்டிய கேள்வி.

ஆடம்ஸ் ஏன் பதில் எழுதவில்லை? கேள்வி அற்பமானது என்று நினைத்ததால் என்பதே நெடுங்காலம் நிலவிய விளக்கம். 2004-இல் கார்ன்வால் ஆவணக் காப்பகத்தில் ஆடம்ஸ் குடும்பக் காகிதங்களுக்கு நடுவே ஒரு கடிதம் கிடைத்தது. தேதி 1845 நவம்பர் 13. ஏய்ரிக்கு எழுதத் தொடங்கியது. தன் கணக்கு முறையை விளக்கப் புகுந்து, பாதியிலேயே நின்றுவிடுகிறது. அனுப்பப்படவும் இல்லை. அற்பம் என்று தள்ளிவிட்டவர் எட்டே நாளில் பதில் எழுத உட்கார்ந்திருக்க மாட்டார். முயன்றிருக்கிறார், முடிக்கவில்லை. ஏன் என்று அந்தத் தாள் சொல்லவில்லை.

1846 ஜூன்: ஒரே அலமாரியில் இரண்டு விடைகள்

இதே நேரத்தில் பாரிஸில் உர்பேன் லெவெரியே அதே சிக்கலில் இறங்கியிருந்தார். அவர் செய்த முறை வேறு. 1845 நவம்பர் 10, 1846 ஜூன் 1, ஆகஸ்ட் 31 என்று ஒவ்வொரு கட்டத்தையும் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் பகிரங்கமாக வாசித்தார். ஜூன் 1 கட்டுரையில் புதுக்கோளின் இடத்தைச் சொன்னார்: 1847 ஜனவரி 1 அன்று தீர்க்காம்சம் ஏறத்தாழ 325 டிகிரி.

ஜூன் கடைசியில் அது ஏய்ரியின் கைக்கு வந்தது. ஆடம்ஸின் தாளை எடுத்து ஒப்பிட்டார். இருவர் சொன்ன இடமும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போயின. ஒருவரை ஒருவர் அறியாத இருவர், ஒரே விடை! ஏய்ரியின் சந்தேகம் பெருமளவு கரைந்தது அப்போதுதான்.

அடுத்து நடந்தவற்றை நாள்வாரியாகப் பார்க்க வேண்டும்.

1. ஜூன் 26: ஏய்ரி லெவெரியேவுக்கு எழுதினார். அதே ஆர வெக்டர் கேள்வி. ஆடம்ஸ் என்று ஒருவர் இருக்கிறார் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.
2. ஜூன் 28: லெவெரியே உடனே பதில் போட்டார். தீர்க்காம்சத்தைச் சரிசெய்த கணக்கு தூரத்தையும் தானாகவே சரிசெய்துவிடுகிறது என்று தெளிவாக விளக்கினார். தேடுவதாக இருந்தால் இன்னும் துல்லியமான இடத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறேன் என்றும் சொன்னார். இந்தக் கடிதத்துக்கு ஏய்ரி பதில் எழுதவில்லை.
3. ஜூன் 29: கிரீன்விச் மேற்பார்வைக் குழுக் கூட்டத்தில், விரைவில் ஒரு புதுக்கோள் கிடைக்க வாய்ப்புண்டு என்று ஏய்ரி பேசினார். வில்லியம் ஹெர்ஷலின் மகன் ஜான் ஹெர்ஷலும் சாலிஸும் அங்கே இருந்தார்கள்.
4. ஜூலை 9: கேம்பிரிட்ஜின் பெரிய தொலைநோக்கியால் தேடும்படி சாலிஸை வலியுறுத்தி எழுதினார். 13-ஆம் தேதி, தேடும் முறையைப் பற்றி இன்னொரு கடிதம்.

ஏய்ரியின் உண்மையான தவறு எனக்குத் தெரிவது இந்தப் பதினெட்டு நாளில்தான். 1845-இல் ஆடம்ஸைச் சந்திக்காமல் போனதோ, கேள்வி கேட்டதோ தவறு அல்ல. இப்போது இரண்டு விடைகளும் ஒத்துப்போவதை அறிந்திருந்தவர்களில் எழுத்துச் சான்றுகளைக் கையில் வைத்திருந்தவர் அவர். லெவெரியேவிடம் ஆடம்ஸைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு லெவெரியே பதில் தந்துவிட்டார் என்று ஆடம்ஸுக்கும் எழுதவில்லை. அலமாரியில் இரண்டு கட்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, கடிதம் எழுதிய இருவருக்கும் அது தெரியாது.

கேம்பிரிட்ஜில் 39, பெர்லினில் ஒன்று

சாலிஸ் ஜூலை 29 அன்று தொடங்கினார். 30 டிகிரி நீளம், 10 டிகிரி அகலம் கொண்ட பட்டையில் தென்படும் விண்மீன்களையெல்லாம் குறித்துக்கொண்டு, பின்னால் ஒப்பிட்டு எது நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பது திட்டம். ஆகஸ்ட் 4, 12 இரண்டு இரவுகளிலும் அவர் நெப்டியூனைக் குறித்துவிட்டார், விண்மீன் என்று.

பிறகு ஜூலை 30 பட்டியலையும் ஆகஸ்ட் 12 பட்டியலையும் ஒப்பிட உட்கார்ந்தார். 39 விண்மீன்கள் வரை சரிபார்த்தார், எல்லாம் இரண்டிலும் இருந்தன. முறை சரியாகத்தான் வேலை செய்கிறது என்று அங்கேயே நிறுத்திவிட்டார். ஆகஸ்ட் 12 பட்டியலில் 49-ஆவதாக இருந்தது ஜூலை 30 பட்டியலில் இல்லை. அதுதான் கோள். இன்னும் பத்து வரி போயிருந்தால் நெப்டியூன் கேம்பிரிட்ஜில் கிடைத்திருக்கும். இதைப் பிற்பாடு ஒப்புக்கொண்டு எழுதியவர் சாலிஸேதான்.

செப்டம்பர் 2 அன்று ஆடம்ஸ் கிரீன்விச்சுக்குப் புதிய கணக்கு ஒன்றை அனுப்பினார். ஏய்ரி மறுபடி வெளிநாட்டில். அந்தக் கடிதத்தில் கோளின் தூரத்தை இன்னும் குறைத்துப் பார்க்கலாம் என்று ஆடம்ஸ் சொல்கிறார். அப்படிக் குறைத்தால் இடமும் பல டிகிரி தள்ளிப்போகும், அதுவும் உண்மையான இடத்தை விட்டு விலகும் பக்கம். அதாவது கண்டுபிடிப்புக்கு மூன்று வாரம் முன்பும் ஆடம்ஸ் ஓர் இடத்தில் நிலைக்கவில்லை.

லெவெரியே நிலைத்திருந்தார். ஆனால் பிரான்சில் யாரும் மும்முரமாகத் தேட முன்வரவில்லை. அப்போது அவருக்கு ஒரு பழைய கடன் ஞாபகம் வந்தது. பெர்லினில் யோகான் கால்லே என்ற உதவி வானியலாளர், டென்மார்க் வானியலாளர் ரோமரின் பழைய அளவீடுகளைப் பற்றிய தன் ஆய்வேட்டை முந்தைய ஆண்டே லெவெரியேவுக்கு அனுப்பியிருந்தார். பதில் போடாமலே இருந்தது. செப்டம்பர் 18 அன்று எழுதிய கடிதத்தில் லெவெரியே முதலில் அந்த ஆய்வேட்டுக்கு நன்றி சொல்லிப் பாராட்டினார், பிறகு விஷயத்துக்கு வந்தார்: இந்த இடத்தில் தேடுங்கள், விண்மீன்போல் புள்ளியாக இருக்காது, சிறு வட்டாகத் தெரியும்.

கடிதம் 23-ஆம் தேதி வந்தது. பெர்லின் வானாய்வகத்தின் இயக்குநர் யோகான் எங்கே (Encke) என்பவருக்கு அன்று 55-ஆவது பிறந்தநாள். அரைமனதோடு அனுமதி தந்தார். அன்றிரவே கால்லேயும் மாணவர் ஹைன்ரிஷ் தாரெஸ்ட்டும் தொலைநோக்கியில் உட்கார்ந்தார்கள். பெர்லின் அகாடமி புதிதாக அச்சிட்ட விண்மீன் வரைபடத்தில் அந்தப் பகுதி இருந்தது, கேம்பிரிட்ஜுக்கு அது இன்னும் போய்ச்சேரவில்லை. கால்லே ஒவ்வொரு விண்மீனாகச் சொல்ல, தாரெஸ்ட் வரைபடத்தில் சரிபார்த்தார். சிறிது நேரத்திலேயே வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி அகப்பட்டது. லெவெரியே சொன்ன இடத்துக்கும் அதற்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. மறுநாள் இரவு அது நகர்ந்திருந்தது.

அக்டோபர்: கடிதங்கள் பத்திரிகைக்கு வருகின்றன

அக்டோபர் 3 அன்று லண்டனின் அதீனியம் வார இதழில் ஜான் ஹெர்ஷலின் கடிதம் வந்தது. ஆடம்ஸ் என்ற இளைஞரும் இதே முடிவுக்கு வந்திருந்தார் என்று உலகுக்கு முதலில் சொன்னது அதுதான். பாரிஸ் கொதித்தது. 14-ஆம் தேதி ஏய்ரி லெவெரியேவுக்கு எழுதி, இங்கிலாந்திலும் இணையான ஆய்வு நடந்தது என்று தெரிவித்தார்.

லெவெரியேவின் பதில் கோபமானது, நியாயமானதும்கூட. ஜூன் மாதம் என்னிடம் ஆர வெக்டரைப் பற்றிக் கேள்வி கேட்டீர்களே, அப்போது ஆடம்ஸைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவர் கேட்டது. அகாடமியில் பிரெஞ்சு வானியலாளர் அராகோ, அச்சில் ஒரு வரிகூட வெளியிடாத ஆடம்ஸுக்கு இதில் உரிமையே கிடையாது என்று முழங்கினார்.

நவம்பர் 13 அன்று ராயல் வானியல் கழகத்தில் ஏய்ரி தன் அறிக்கையை வாசித்தார். கட்டிலிருந்த கடிதங்களைத் தேதி வரிசையில் எடுத்துவைப்பதே அவர் தற்காப்பு. அது இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்தவில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது ஆடம்ஸை உள்ளே நுழைக்கும் தந்திரம், ஆங்கிலேயர்களுக்கு ஏய்ரியின் அலட்சியத்துக்கு ஒப்புதல் வாக்குமூலம். ஆடம்ஸும் லெவெரியேவும் மட்டும் 1847 கோடையில் இங்கிலாந்தில் சந்தித்துப் பகையில்லாமல் பழகினார்கள்.

சரி, யாருக்கு என்ன உரியது?

1. தொலைநோக்கியில் கோளைக் கண்டறிந்தவர்கள் கால்லேயும் தாரெஸ்ட்டும்.
2. இடத்தைக் கணித்து, அதைப் பகிரங்கமாகச் சொல்லி, தேடக்கூடியவரிடம் சேர்த்து, அதனால் கோள் கிடைக்கச் செய்தவர் லெவெரியே.
3. ஆடம்ஸ் தனியாக, லெவெரியேவுக்கு முன்பே, உண்மைக்கு அருகில் இருந்த ஓர் இடத்தைக் கணித்தார். இது கடிதங்களால் உறுதி. ஆனால் அந்தக் கணிப்பை அவர் அச்சிடவில்லை, கேள்விக்குப் பதில் தரவில்லை, பிறகு இடத்தை மாற்றிக்கொண்டும் இருந்தார்.

கணக்குப் போடும் திறமையில் இருவரும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் கண்டுபிடிப்பு என்பது கணக்கோடு முடிவதில்லை, அதை நம்பவைத்து அடுத்தவரைத் தேடவைப்பதும் அதில் ஒரு பகுதி. அதனால் இணைக் கண்டுபிடிப்பாளர் என்று எழுதுவது மிகை என்றே நினைக்கிறேன். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே எடை அல்ல.

கட்டு காணாமல்போன முப்பது ஆண்டு

இதையெல்லாம் மூலக் கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க நெடுங்காலம் முடியாமல் இருந்தது. ஏய்ரி 1846-இல் அச்சிட்டது தேர்ந்தெடுத்த கடிதங்களை. தேர்ந்தெடுத்தவரோ வழக்கில் ஒரு தரப்பு. முழுக் கோப்பும் கிரீன்விச் வானாய்வகத்தின் காப்பகத்தில் இருந்தது, 1960-களின் நடுவில் காணாமல்போனது.

சந்தேகம் ஓலின் எகன் என்ற அமெரிக்க வானியலாளர் மேல் விழுந்தது. அவர் அரச வானியலாளரின் தலைமை உதவியாளராக இருந்தவர், ஏய்ரி, சாலிஸ் இருவரைப் பற்றியும் வாழ்க்கைக் குறிப்புகள் எழுதியவர். தன்னிடம் இல்லை என்றார். ஆஸ்திரேலியாவுக்கும் அங்கிருந்து சிலிக்கும் வேலை மாறிப் போனார். 1998 அக்டோபரில் அவர் இறந்த பிறகு, சிலியில் அவர் பொருட்களை ஒழுங்குபடுத்தியவர்கள் அந்தக் கோப்பைக் கண்டார்கள். கூடவே வானாய்வகத்துக்குச் சொந்தமான அரிய நூல்களும் காகிதங்களுமாக நூறு கிலோவுக்கும் மேல். 1999-இல் எல்லாம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குத் திரும்பின. ஆடம்ஸின் பங்கை மறுமதிப்பீடு செய்த ஆய்வுகள் வேகம் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

கோப்பு திரும்பிவிட்டதால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடிதம் எழுதும் இடத்தில் இருந்தவர்களின் பங்கே கடிதத்தில் நிற்கும். பெர்லின் வரைபடத்தை எடுத்துப் பார்க்கலாமே என்று அந்த இரவில் யோசனை சொன்னவர் தாரெஸ்ட், 24 வயது மாணவர். வெற்றியை அறிவித்து பெர்லினிலிருந்து போன கடிதங்களில் அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அவர் 1875-இல் இறந்தார். வரைபடத்தைப் பற்றிய யோசனை அவருடையது என்று கால்லே விவரமாகச் சொன்னது அதற்குப் பிறகு.